ஞாயிறுதோறும் கல்லாகிறவர்

மாத்திரையில் ஒரு குற்றமும் இல்லை.

பரிசோதனைக்கூடத்துக்காரர் தொலைபேசியில் இதைச் சொன்னபோது மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய கால்களை மேஜைக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டியின் மேல் நீட்டியிருந்தார். அசல் சரக்குதான், அளவும் சரி, கலப்படமும் இல்லை என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். மேடம் நன்றி சொல்லி ரிசீவரை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"போச்சா?" என்றான் ரேடியோ.

மேடத்தின் உதவியாளன் அவன். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவனோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும்.

"போச்சு."

"அப்ப மருமக நல்லவங்க. நாத்தனாருக்கு ஒரு போனைப் போட்டு 'உங்க அண்ணி தங்கம்'னு சொல்லிடலாம். காதுல விழுந்ததும் போனைத் தூக்கிக் கிணத்துல போடுவாங்க."

மேடம் சிரிக்கவில்லை. சிரிக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். இத்தனை வருஷத் துப்பறியும் தொழிலில் அவர் கண்டுகொண்டது ஒன்றுதான். குடும்பங்கள் அவரிடம் உண்மையைத் தேடி வருவதில்லை. யாரை வெறுப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு, அதற்கு முத்திரை குத்த ஆள் தேடி வருகிறார்கள்.

இந்த நாத்தனாரும் அப்படித்தான் வந்தாள். நீச்சல் பயிற்சியாளர். குளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கேட்கிற மாதிரியே எங்கேயும் பேசுவாள். நாற்காலியில் உட்காரும் முன்பே பாதிப் புகாரை முடித்துவிட்டாள்.

"எங்கப்பா லிஃப்ட் மெக்கானிக்கா இருந்து ஓய்வு பெற்றவர். நடுக்குவாதம் வந்து ரொம்ப நாளாச்சு. அண்ணன் கப்பல்ல வேலை, வருஷத்துல பாதி கடல்லதான். வீட்டுல அப்பாவும் அண்ணியும் மட்டும். வாரநாள்ல அப்பா நடக்கறாராம், பேசறாராம். கீழ்வீட்டுக்காரர் சொல்றார். ஞாயித்துக்கிழமை நான் உள்ள போறப்பவும் 'வாம்மா'ன்னு நல்லாத்தான் கூப்பிடுவார். சாப்பாடு முடிஞ்சு பேசலாம்னு உக்காந்தா கல்லாயிடறார். கண்ணு மட்டும் என்னையே பாக்குது. வாய் அசையல. கை அசையல."

"மாத்திரை யார் குடுக்கறாங்க?"

"அண்ணிதான் எடுத்து நீட்டுவா. அதான் சொல்றேன். நான் வர்ற அன்னைக்குன்னு பாத்து எதையோ மாத்தித் தர்றா. அவ அவரை வெச்சிருக்கற லட்சணத்தை அப்பா எங்கிட்ட சொல்லிடக் கூடாது, அவ்வளவுதான். மதியத்துல வெறும் சோறும் காயும் பழமும்தான் குடுக்கறா, மேடம். இந்த உடம்புக்கு அது போதுமா? வர்ற செவ்வாய்க்கிழமை கார் சொல்லிட்டேன். அப்பாவ எங்கிட்டயே கூட்டிட்டுப் போயிடப் போறேன். அதுக்குள்ள எனக்கு ஆதாரம் வேணும். போலீஸ்ல எழுதிக் குடுக்கணும்."

அண்ணி பார்க்காதபோது அட்டையிலிருந்து கிள்ளிக்கொண்டு வந்த இரண்டு மாத்திரைகளை மேஜையில் வைத்தாள். அவற்றைத்தான் பரிசோதனைக்கூடம் இப்போது உத்தமர்கள் என்று சொல்லிவிட்டது.

"கிளம்பு," என்றார் மேடம், காலால் செருப்பைத் துழாவியபடி. "அந்த வீட்டைப் பாத்துட்டு வரலாம்."

* * *

வியாழக்கிழமை மதியம், நாலாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. கதவில் ஒரு அட்டை தொங்கியது. அது தொங்க ஆரம்பித்த காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும்.

"லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கற கட்டடம் மேடம் இது," என்றான் ரேடியோ படியேறிக்கொண்டே. "டாக்டர் வீட்டுல எல்லாருக்கும் ஜுரம்ங்கற மாதிரி."

மேடம் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார். உள்ளே போவதற்கு ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தார். நாலாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது அதைச் சொல்லத் தெம்பில்லை. கதவைத் திறந்த பெண்ணிடம் உண்மையையே சொல்லிவிட்டார்.

"உங்க நாத்தனார் என்னை அனுப்பியிருக்காங்க. நான் துப்பறியறவ."

மருமகள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். விரலில் ஊசி குத்தாமலிருக்க மாட்டும் தொப்பி. பின்னால் கூடத்தில் ஒரு பெரிய சட்டைக் குவியல். பொத்தான் தைத்துக் கொடுக்கும் வேலை.

"தெரியும். அட்டையில ரெண்டு மாத்திரை குறைஞ்சப்பவே நெனச்சேன். உள்ள வாங்க, மூச்சு வாங்குது உங்களுக்கு."

பெரியவர் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மேஜை விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார். கை நடுங்கியது. ஆனாலும் திருப்புளி எப்படியோ தன் பள்ளத்தைக் கண்டுபிடித்தது. மெல்ல எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு சின்னச் சின்ன அடியாக நடந்து வந்து, நாற்காலியை மேடத்தின் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்க. நாலு மாடி ஏற வெச்சுட்டோம். நான் சரி பண்ணித் தர்றேன்னு சொன்னா சங்கத்துக்காரங்க கேக்க மாட்டேங்கறாங்க. என் கையைப் பாத்துப் பயப்படறாங்க."

குரல் மெலிசுதான், ஆனால் வார்த்தை தெளிவு. மருமகள் ஒரு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் விழுங்கினார். ரொம்ப நேரம் கழித்துத்தான் தட்டு வந்தது. சோறு, வேகவைத்த காய்கறி, நறுக்கிய பழம்.

"பட்டினி போடறாங்கன்னு அந்தம்மா சொன்னது நெசம்தான் போல," என்று ரேடியோ காதில் ஓதினான்.

"மதியத்துல இவ்வளவுதானா?" என்று மேடம் கேட்டார்.

"இவ்வளவுதான். ராத்திரி நல்லா சாப்பிடுவார்," என்றாள் மருமகள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே.

"ஞாயித்துக்கிழமை?"

நூல் ஊசியின் காதுக்குள் போகவில்லை. மருமகள் அதை எச்சில் தொட்டு முறுக்கினாள். "ஞாயித்துக்கிழமை என் ராஜ்யம் இல்ல. ஆரம்பத்துல ஒரு வார்த்தை சொன்னேன். பதிலுக்கு நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கிட்டேன். அன்னையிலேர்ந்து அவ வந்தா மாத்திரையை எடுத்து நீட்டிட்டு நான் சமையக்கட்டுக்குப் போயிடுவேன். என்னமோ பண்ணிக்கட்டும்."

மேடம் பெரியவர் பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணு வர்றப்ப என்ன ஆகுது உங்களுக்கு?"

அவர் பழத்துண்டைத் தட்டில் திரும்ப வைத்தார். "எனக்கே தெரியலம்மா. அவ பேசறது எல்லாம் கேக்குது. எனக்கும் பதில் வருது, தொண்டை வரைக்கும் வருது. அங்கயே நின்னுடுது. அவ மூஞ்சி வாடறதும் தெரியுது." பிறகு கேட்டார்: "நான் கோவமா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டாளா?"

 

* * *

ஞாயிற்றுக்கிழமை மேடம் வலையை இழுத்துக் கட்டினார். மாத்திரை அட்டையை மருந்துக்கடையில் தானே வாங்கி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். மருமகளைத் துணி உலர்த்த மொட்டைமாடிக்கு அனுப்பி, ரேடியோவை அவளுக்கு நிழலாகப் போட்டார். அவள் சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மகள் வந்தாள். "வாம்மா," என்றார் பெரியவர். தெளிவாகவே சொன்னார்.

அவள் ஒரு பெரிய பையைத் தரையில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தாள். ஃபிளாஸ்க்கில் புரோட்டீன் பவுடர் கலந்த பால். டப்பாவில் அவித்த முட்டைகள். இன்னொரு டப்பாவில் கோழி சூப். மேடத்தின் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்து, பாலோடு அப்பாவுக்குக் கொடுத்தாள். பிறகு முட்டையைக் கிள்ளிக் கிள்ளி ஊட்டினாள். சூப்பை ஊதி ஊதிக் கொடுத்தாள். அந்த நேரத்தில் மட்டும் அவள் குரல் தணிந்து போயிருந்தது. பெரியவர் மகளின் முகத்தைப் பார்த்தபடியே கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டார்.

தட்டுகளைக் கழுவிவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தாள். "சொல்லுங்கப்பா. வாரமெல்லாம் என்ன பண்ணீங்க?"

அவர் உதடு பிரிந்தது. அதன்பின் அசையவில்லை. நேரம் போகப் போக, முழங்காலில் இருந்த கைகள் அங்கேயே இறுகிப்போயின. முகத்தில் இருந்த மனிதரைத் துடைத்து எடுத்தது போல் ஆகிவிட்டது. கண் மட்டும் மகளை விட்டு நகரவில்லை.

"பாத்தீங்களா?" என்றாள் மகள். குரல் உடைந்திருந்தது. "பாத்துக்கிட்டீங்களா?"

மேடம் பார்த்தார். அவர் கையால் வாங்கிய மாத்திரை. மருமகள் மொட்டைமாடியில். நடுவில் யாருமே வரவில்லை. ஆனாலும் மனிதர் கல்.

படியிறங்கும்போது ரேடியோ, மருமகள் துணிக் கிளிப்பைத் தவிர எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்தான். "ஆவி வேலைன்னு எழுதிக் குடுத்துடலாமா மேடம்?"

"வியாழக்கிழமைக்கும் இன்னைக்கும் என்னடா வித்தியாசம்? அதே ஆள், அதே மாத்திரை."

"மெனுதான் வித்தியாசம். அன்னைக்குக் காயும் பழமும். இன்னைக்கு ராஜ விருந்து. கிளம்பறப்ப எனக்கே ரெண்டு முட்டை குடுத்தாங்க. அருமையா இருந்துச்சு."

மேடம் திருப்பத்தில் நின்றுவிட்டார்.

"சாப்பிட்டுட்டியா?"

"சாப்பிட்டேனே. நடந்துட்டுத்தானே இருக்கேன்? பேசிட்டும் இருக்கேன்."

"ஆமா. முட்டையில ஒண்ணுமில்ல. மாத்திரையிலயும் ஒண்ணுமில்ல." கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவர் யோசித்தார். "ரெண்டும் ஒண்ணாப் போனா என்ன ஆகும்?"

* * *

நரம்பியல் மருத்துவர் கடைசி நோயாளியையும் அனுப்பிவிட்டு, மேஜையில் முழங்கையை ஊன்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேடத்தைப் பார்த்ததும், தன்னைப் போலவே ஒருவர் வந்திருக்கிறார் என்பதுபோல் நாற்காலியைக் காட்டினார்.

"யாருன்னு பேர் சொல்லாதீங்க. பொதுவா கேளுங்க, பொதுவா சொல்றேன்."

மேடம் கேட்டார். சாதாரண மாத்திரை, சாதாரண முட்டை, இரண்டும் சேர்ந்தால் ஒரு மனிதர் எப்படிக் கல்லாவார்?

"மூளைக்குள்ள போற ரத்தக்குழாய் மத்த இடத்துல இருக்கற மாதிரி கிடையாது," என்று மருத்துவர் ஆரம்பித்தார். "உடம்பு பூரா ரத்தக்குழாய்ச் சுவர்ல சின்ன இடுக்கு இருக்கும், கசியும். மூளையில அந்தச் சுவரோட செல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இறுக்கி ஒட்டியிருக்கும். கிருமி, விஷம் எதுவும் லேசுல உள்ள நுழைய முடியாது. விஷத்தை விடுங்க. நாம ஒரு வேளை சாப்பிட்டாலே ரத்தத்துல பலதும் ஏறும், இறங்கும். அது அப்படியே மூளையில போய்க் கொட்டினா ஒரு நினைப்பை ஒழுங்கா நினைக்க முடியாது. அந்தச் சுவர் இருக்கறதாலதான் நீங்களும் நானும் இப்படி உக்காந்து பேசறோம்."

"எல்லாத்தையும் நிறுத்திட்டா மூளை எதைத் தின்னும்?" என்றான் ரேடியோ.

"நல்ல கேள்வி. காத்து தானா உள்ள போயிடும். சர்க்கரைக்குன்னு தனி வாசல் இருக்கு. புரதம் செரிச்சு வர்ற துணுக்குங்களுக்கு இன்னொரு வாசல். தெரியாம நுழைஞ்சதை வெளிய தள்றதுக்கும் ஏற்பாடு உண்டு. காவல் மட்டுமில்ல, ஊட்டி வளர்க்கறதும் அதே சுவர்தான்." அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "நடுக்குவாதத்துல மூளைக்குள்ள டோபமின்னு ஒரு பொருள் வத்திப்போகுது. அதையே மாத்திரையாக் குடுத்தா பிரயோஜனமில்ல. சுவர் உள்ள விடாது. அதனால டோபமினா மாறக்கூடிய ஒரு பொருளைக் குடுக்கறோம். அது புரதத் துணுக்கு மாதிரியே இருக்கும். அந்த வாசல் வழியா உள்ள போயி, அங்க டோபமினா மாறும்."

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த நேரம் பாத்து நிஜமான புரதம் நிறைய வந்துட்டா?"

மருத்துவர் முதல் தடவையாக அவரை முழுசாகப் பார்த்தார்.

"வாசல் அடைச்சுக்கும். மருந்து வெளியவே நிக்கும். குடல்லயும் அதே தள்ளுமுள்ளு உண்டு. எல்லாருக்கும் இப்படி ஆகாது. நோய் முத்தினவங்கள்ல சிலபேருக்கு நல்லாத் தெரியும், மாத்திரையே போடாத மாதிரி இறுகிடுவாங்க. அதான் மாத்திரைய வெறும் வயித்துல, சாப்பாட்டுக்கு நல்லா முன்னாடியே, தண்ணியில போடுங்கன்னு சொல்றது. புரதத்தை ராத்திரிக்குத் தள்ளிடலாம். அடியோட நிறுத்திடாதீங்க, உடம்பு வத்திடும்."

வெளியே வந்ததும் ரேடியோ தொண்டையைச் செருமினான். "கண்டுபிடிச்சாச்சு மேடம். குத்தவாளி கோழி. முட்டையும் அதுதான், சூப்பும் அதுதான். கூட மாடு உடந்தை."

மேடம் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மருமகள் செய்ததெல்லாம் மருத்துவர் சொன்ன வார்த்தை பிசகாமல்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாலையும் முட்டையையும் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறியது யார்? அவரைக் கூலிக்கு அமர்த்தியவளேதான். அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனால் அவள் ஒரு நாள் இல்லை, தினமும் ஊட்டுவாள். மூன்று வேளையும் ஊட்டுவாள். அந்த மனிதர் வாயில் வார்த்தை வராமலே போய்விடும்.

"யாருடா போய் இதை அவகிட்ட சொல்றது?" என்றார்.

"நீங்கதான். நான் சொன்னா ஜோக்குன்னு நெனச்சுக்குவாங்க."

* * *

நீச்சல் குளத்தில் மாலைப் பயிற்சி முடிந்திருந்தது. மகள் கழுத்தில் விசிலோடு, ஈரத் தரையில் மிதவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மேடம் கரையோரப் பலகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. புருஷன் எங்கே போகிறான் என்று எத்தனையோ பெண்களுக்கு அவர் சொல்லியிருக்கிறார். அது இதைவிடச் சுலபமாக இருந்தது.

"அண்ணி உங்களையும் வளைச்சுப் போட்டுட்டாளா?" என்றாள் மகள். குரல் குளத்தின் மறுகரையில் மோதித் திரும்பியது.

"நாளைக்குக் கார் வரட்டும். ஃபிளாஸ்க் மட்டும் வேண்டாம். மாத்திரைக்குத் தண்ணி குடுங்க. அப்புறம் ஒரு மணி நேரம் அவர் பக்கத்துல சும்மா உக்காருங்க. அப்பவும் கல்லானார்னா நானே உங்ககூட ஸ்டேஷனுக்கு வர்றேன்."

அவள் ஒரு மிதவையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"சும்மா உக்காந்து நான் என்ன பண்ணுவேன்?" என்றாள் கடைசியில். இந்தத் தடவை குரல் எங்கேயும் போய் மோதவில்லை. "அம்மா போனதுக்கப்புறம் நான் அவருக்குச் செய்யறது இது ஒண்ணுதான் மேடம்."

 மேடம் எழுந்து, மிச்ச மிதவைகளை அவளோடு சேர்ந்து அடுக்கிவிட்டு வந்தார்.

* * *

செவ்வாய்க்கிழமை கார் வந்து வாசலில் நின்றது. மேடமும் ரேடியோவும் பின்தொடர, மகள் வெறுங்கையோடு படியேறினாள். தண்ணீரில் மாத்திரை கொடுத்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தாள், நாற்காலிப் பிடியில் வைத்தாள், திரும்ப மடியில் வைத்தாள். சமையலறையில் மருமகள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. கீழே டிரைவர் ஹார்ன் அடித்தான். ரேடியோ பால்கனிக்குப் போய்க் கையமர்த்திவிட்டு வந்தான். மேடத்துக்குக் கண் சொருகியது. தூங்கிவிடக் கூடாது என்று கட்டை விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பெரியவர் பேசவில்லை. நேரம் போனது. மகளின் பார்வை மேடத்தின் பக்கம் திரும்பியது. அந்தப் பார்வையில் போலீஸ் ஸ்டேஷன் தெரிந்தது.

பிறகு பெரியவர் நாற்காலிப் பிடியை அழுத்தி எழுந்தார். ஜன்னல் வரை நடந்து போய்க் கீழே எட்டிப் பார்த்தார்.

"யாருக்கும்மா கார்?"

 "உங்களுக்குத்தான்ப்பா. எங்கூட வந்து இருக்கீங்களான்னு கேக்கலாம்னு..."

"உங்க கட்டடத்துல லிஃப்ட் ஓடுதா?"

"ஓடுதுப்பா."

"அப்ப அங்க எனக்கு என்ன வேலை?" என்றார் அவர். முகத்தில் சிரிப்பு மெதுவாக, ஒரு பக்கமாக ஏறியது. வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ எம்மேல கோவிச்சுக்கிட்டு இருக்கியா?"

"நானா? நீங்கதான் எங்கிட்ட பேசவே மாட்டேங்கறீங்கன்னு..." அவள் பேச்சு அங்கேயே நின்றது. அவர் தன் நடுங்கும் கையை எடுத்து அவள் தலைமேல் வைத்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று மேடம் கேட்டுக்கொள்ளவில்லை. அது அவர் வழக்கில் சேராது.

ரொம்ப நேரத்துக்குப் பிறகு பெரியவர் சொன்னார்: "பசிக்குதும்மா."

மகள் பழக்கத்தில் சட்டென்று எழுந்து பையைத் தேடினாள். பை இல்லை. நடுக்கூடத்தில் அப்படியே நின்றாள். பிறகு சமையலறை வாசல் வரை போனாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"அண்ணி," என்றாள். "இப்ப அப்பாவுக்கு என்ன குடுக்கலாம்?"

பாத்திரச் சத்தம் நின்றது. மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு கண்ணையும் துடைத்தாள். ஒரு ஸ்டூலைக் காலால் வாசல் பக்கம் தள்ளிவிட்டாள்.

"பழம் இருக்கு. உக்காந்து நறுக்கு. தோலைச் சீவிடு, அவருக்கு மெல்ல வராது."

மேடம் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, ரேடியோவைத் தோளில் தட்டிக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். கீழே டிரைவர் கதவில் சாய்ந்து நின்றான்.

"பெரியவர் வரலீங்களா?"

"வரல. நாங்க வர்றோம்," என்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார் மேடம்.

எங்கே போகவேண்டும் என்று ரேடியோ சொல்லி முடிப்பதற்குள் அவர் தூங்கிப் போயிருந்தார்.